என் பெயரில் உனக்கொரு பூசை

என் பிரியமுள்ள மச்சான் அருளப்பனுக்கு,

நீ காசிமேட்டுக் கல்லறைக்குப் போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. அந்த விலாசத்துக்குத் தபால்காரர் வருவதில்லை என்பதால் இதை நம் துறைமுகத் தொழிலாளர் சங்கப் பத்திரிகையில் போடுகிறேன். ஆசிரியர் இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறார். இந்த மாதம் அவருக்குக் கட்டுரை எதுவும் வந்து சேரவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. உன் தங்கை லூர்து நன்றாக இருக்கிறாள், அதாவது என்னைத் திட்டுகிறாள். மகள் ஸ்டெல்லா ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் இன்னும் தகராறு செய்கிறாள். நான் போன மாதம் செத்துப்போனேன். இப்போது பரவாயில்லை.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் திரும்பச் சொல்லப்போகிறேன். தோழர்களும் படிக்கிறார்கள், பொறுத்துக்கொள்.

அமெரிக்கக் கோதுமைக் கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் நின்ற காலம். ஸ்டெல்லாவுக்கு ஐந்து வயது. ஒரு சனிக்கிழமை துறைமுக வாசலில் நடந்த சங்கக் கூட்டத்தில், இருப்பவன் பிள்ளைக்கு ஒரு பள்ளி, இல்லாதவன் பிள்ளைக்கு ஒரு பள்ளி என்று வைத்தால் நாடே இரண்டாகிவிடும் என்று பேசி நல்ல கைதட்டல் வாங்கினேன். திங்கட்கிழமை காலை லூர்து கான்வென்ட் விண்ணப்பத்தை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நானும் நீயும் கார்ப்பரேஷன் பள்ளியில்தானே படித்தோம் என்றேன்.

"எங்கண்ணன் தானா இங்கிலீஷ் கத்துக்கினு கப்பல் கம்பெனில குந்திக்கினு கீது. நீ மூட்ட தூக்கற விஞ்சு ஓட்டிக்கினு கீறே. பொண்ணு உன்ன மாதிரி வந்துட்டா இன்னாய்யா பண்றது?"

இதற்கு வாசல் கூட்டத்தில் பதில் இருந்தது. வீட்டில் விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

தாய் தகப்பன் இருவரும் நேரில் வர வேண்டும், தகப்பன் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்பது கான்வென்டின் சட்டம். நூல்நிலையத்தில் தமிழ் அலமாரி முழுவதையும் நான் முடித்திருந்தேன். ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சரக்கை ஏற்று, இறக்கு, நிறுத்து என்பதற்கான மூன்று சொற்கள். அவற்றை வைத்துக்கொண்டு பள்ளித் தலைவியான மதரிடம் அரை மணி நேரம் உரையாட முடியாது.

அப்போதுதான் நீ வந்தாய். "அரை அவர் வேல மச்சான். உன் பேரச் சொல்லிக்கினு நான் போயிட்டு வந்துடறேன். நீ பேஜார் ஆவாதே" என்றாய். பொய்யல்லவா என்று கேட்டேன். ஞானஸ்நானத்தன்று குழந்தையைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன் நீ, ஆகையால் பாதித் தகப்பன், ஆகையால் இது பாதிப் பொய் என்றாய். உன் கம்பெனியில் சரக்குச் சீட்டை இப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது.

பள்ளி நம் கோயில் பங்குக்கு வெளியே இருந்தது. அங்கே யாருக்கும் என் முகம் தெரியாது. நீ என் பெயரில் சவரிமுத்துவாகப் போனாய். லூர்துவைச் சிரித்துக்கொண்டு மட்டும் இருக்கச் சொன்னாய். அவள் அரை மணி நேரம் சிரித்தாளாம். அதற்கு முன்பும் பின்பும் அவள் தொடர்ந்து அவ்வளவு நேரம் சிரித்து நான் பார்த்ததில்லை.

இடம் கிடைத்தது, அரை மணி நேர வேலை ஒன்பது வருடம் நீடித்தது. மதிப்பெண் அட்டையில் என் பெயரை உன் அழகான ஆங்கிலக் கையெழுத்தில் போட்டவன் நீதான்.

பள்ளிக் கேட்டுக்குள்ளே நீ டாடி, வெளியே மாமா என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தோம். ஐந்து வயதுக் குழந்தைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். எழுதியவர்களுக்குப் பிள்ளை கிடையாது போலும். நம் நால்வரில் ஒரு முறைகூடத் தடுமாறாதவள் அவள்தான்.

எட்டு வயதில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. நம் வீட்டில் நீ மறந்துவிட்டுப் போயிருந்த குடையை எடுத்துக்கொண்டு பள்ளி வாசலுக்குப் போனேன். கையில் கிரீஸ். இது யார் என்று ஒரு சிறுமி கேட்டாள். ஸ்டெல்லா ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். ஆங்கிலம் தெரியாத எனக்கும் அது விளங்கியது, அதில் டாடி என்ற சொல் இல்லை. அதற்குப் பிறகு எதிர்ச்சாரியில் மரத்தடியில்தான் நிற்பேன். இதை உன்னிடம் நான் சொன்னதில்லை.

பன்னிரண்டில் அவள் பேச்சை நிறுத்தினாள். எல்லாரிடமும் அல்ல, என்னிடம். உன்னோடு ஆண்டு விழாவுக்குப் போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டே போவாள். நீ டெரிலின் சட்டையும் டையும், அவள் வெள்ளைக் காலுறையும். நான் வாசலில் நின்று வழியனுப்புவேன். கல்யாணமே செய்துகொள்ளாத உனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு மகள் இருந்தாள். எனக்கு அங்கே மட்டும் இல்லை. பொறாமைப்பட்டேன் மச்சான். அவள் டாடி என்று கூப்பிடும்போது உனக்கு எப்படி இருந்தது? கேட்காமலே விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நாள் நீ ஆபீஸ் படிக்கட்டில் மார்வலி என்று உட்கார்ந்தாய். அவ்வளவுதான்.

கோயிலில் உன் பெட்டியை மூடுவதற்கு முன் ஸ்டெல்லாவின் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாய் அந்தப் பக்கம் வந்திருக்கிறார். உன்னுடையது ஆண்டு விழாக்களில் அவர் பார்த்துப் பழகிய முகம். பெயரை யாரிடமும் விசாரிக்கவில்லை, சவரிமுத்து என்று தெரிந்த பெயரை ஏன் விசாரிக்க வேண்டும்? மறுநாள் கான்வென்டில் சவரிமுத்துவின் ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசை வைத்தார்கள். முழுப் பள்ளியும் முழந்தாளிட்டதாம். அந்த நேரம் நான் துறைமுக வார்ஃபில் உரமூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். எதுவும் உணரவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்குப் போன ஸ்டெல்லா மதிப்பெண் அட்டையோடு வந்தாள். என் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்பதற்கான ஆங்கிலச் சொல், சிவப்பு மையில்.

லூர்து அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்படியே இருக்கட்டும் விடுய்யா. இன்னும் ரெண்டு வருசம். எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சப்பறம் நீ பொயச்சிக்கலாம்" என்றாள்.

நான் சம்மதித்தேன். உண்மை வெளியே வந்தால் பெண்ணை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எங்கள் இருவருக்கும் இருந்தது. மேலும், இறந்தவனாக இருப்பதில் சில வசதிகள் உண்டு. மரத்தடியில் நிற்கத் தேவையில்லை.

ஸ்டெல்லா எங்களைக் கவனிக்கவே இல்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நைனா, அவங்க உனக்குப் பூசை வச்சாங்க."

தெரியும் என்றேன்.

"மாமாக்கு வைக்கல. எல்லாரும் வந்து என்னக் கட்டிக்கினு அழுதாங்க. ஒருத்தர்கூட மாமா பேரச் சொல்லல. அங்க அருளப்பன்னு ஒரு ஆளே இல்ல நைனா. ஒம்போது வருசம் வந்துச்சே. நான் மதர்கிட்ட சொல்லப்போறேன்."

வெளியே தள்ளிவிடுவார்கள் என்று லூர்து அதட்டினாள்.

"தள்ளட்டும். கார்ப்பரேஷன் ஸ்கூல் கீதே. அதான் நல்லதுன்னு நைனா மீட்டிங்ல பேசுதே."

இத்தனை வருடப் பேச்சில் என்னை ஒருவர் நம்பியிருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. அவள் என்னை உயிர்ப்பிக்கக் கிளம்பவில்லை. உன் பெயரைக் கேட்டு வாங்கக் கிளம்பினாள். நான் பிழைத்தது அதில் கூடுதலாகக் கிடைத்தது.

மதரைப் பார்க்க அவளோடு போகும் நாளன்று லூர்து உன் டெரிலின் சட்டையை எனக்காக எடுத்து வைத்தாள். நான் காக்கியிலேயே போனேன். வாட்ச்மேன் என்னை நிறுத்தி, இது யார் என்று ஸ்டெல்லாவைக் கேட்டார். அவள் தமிழில் பதில் சொன்னாள்.

"எங்க நைனா."

ஸ்டெல்லா எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் மதர் என்னை வெகுநேரம் பார்த்தார். தாம் செபம் செய்து அனுப்பிவைத்த ஆள் எதிரே வந்து உட்கார்ந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அந்தச் செபம் வீண்போகாது, ஒரு நாள் எனக்குத் தேவைப்படும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நல்ல தமிழில் கேட்டார். ஆங்கிலம் பேசுகிற தகப்பனைக் கேட்டீர்கள், எங்கள் குடும்பத்தில் ஒருவர்தான் இருந்தார், அவரை அனுப்பினோம் என்றேன்.

"நீங்களே வந்திருந்தால் சேர்த்திருக்க மாட்டோம்" என்றார் மதர். மதிப்பெண் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, "அது எங்கள் தவறு. பொய் உங்கள் தவறு" என்றார்.

இந்த வருடம் முடியும்வரை படிக்கட்டும், அடுத்த வருடத்தை நிர்வாகம் முடிவு செய்யும் என்றார். சிவப்புச் சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்து அட்டையை என் பக்கம் தள்ளினார். தமிழில் கையெழுத்துப் போட்டேன். உன்னுடையதைப் போல அழகாக இல்லை.

போன வெள்ளிக்கிழமை அங்கே உனக்குப் பூசை நடந்தது. நான் உள்ளே, பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அருளப்பன் யார் என்று பிள்ளைகள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். ஸ்டெல்லா எழுந்து முன்னால் போனாள். "என் மாமா. ஒன்பது வருடம் இங்கே எனக்கு டாடியாக இருந்தார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாளாம். பக்கத்திலிருந்த சிஸ்டர் எனக்கு மொழிபெயர்த்தார். தேவைப்படவில்லை.

அடுத்த வருடம் கான்வென்டா கார்ப்பரேஷனா என்பது தெரியவில்லை. எதுவாக இருந்தாலும், மழை பெய்தால் உன் குடையோடு கேட்டுக்குள் வந்து நிற்பேன், மரத்தடிக்குப் போக மாட்டேன். வருடா வருடம் உன் நாளில் உனக்குப் பூசை உண்டு. உன் சொந்தப் பெயரில்.

வீட்டிலும் பள்ளியிலும் உயிரோடிருக்கும்
உன் தங்கை புருஷன்,
மச்சான் சவரிமுத்து