சூடம் வைத்த இடத்தில் பக்கி

சந்தவாசல்
16.6.2024

அன்புள்ள வீரபாகு,

மூன்று மாதமாக நீ போனை எடுப்பதே இல்லை. சுகன்யாவைக் கேட்டால், "தறியில உக்காந்துகினு இருக்காருண்ணா" என்கிறாள். எத்தனை நாளைக்குத்தான் உட்காருவாய்? அதனால்தான் இந்தக் கடுதாசி.

மாசியில் எரிந்த நம் மலைச்சரிவுக்கு, இரண்டு மழைக்குப் பிறகு நேற்றுப் போனேன். அடேயப்பா! கால் வைத்தால் இன்னும் கரி ஒட்டுகிறது. ஆனால் கருகிய மரங்களின் அடியிலெல்லாம் சிவப்புத் துளிர். பட்டைக்குள் இருக்கும் புழுவுக்காகப் பொன்முதுகு மரங்கொத்திகள் வந்திருக்கின்றன. ஒரு ஜோடி பார்த்த இடத்தில் நேற்று ஐந்து ஜோடி! வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பன்னிரண்டு வருடமாக இந்தச் சரிவுப் பறவைகளை இருவரும் சேர்ந்துதானே எண்ணினோம். தனியாக எண்ணப் பிடிக்கவில்லை. எவன் வைத்தானோ அந்தத் தீயை, அவன் கை விளங்காமல் போக! நீ வா.

உன்
ஜான்

ஆரணி
23.6.2024

ஜானுக்கு,

அந்தக் கை என்னுடையதுதான்.

தறியில் புதுப் பாவு பிணைத்தால், அறுத்த பழைய இழையை அந்தச் சரிவில் இருக்கும் பாறைச்சாமியிடம் வைத்துச் சூடம் கொளுத்துவது எங்கள் வீட்டு வழக்கம். அன்றைக்குக் காற்றில் சூடம் அணைந்துகொண்டே இருந்தது. காற்றுக்கு மறைவாக இருக்கட்டும் என்று பாறையடியில், புல்லோரமாக வைத்துவிட்டேன். சாமிக்கு ஏற்றியதை ஊதி அணைக்க மனசு வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஜல்தியாக இறங்கினேன். பஸ்ஸில் ஏறித் திரும்பிப் பார்த்தால் சரிவில் புகை.

சுகன்யாவிடம்கூடச் சொல்லவில்லை. உன் குரலைக் கேட்டால் உளறிவிடுவேன் என்றுதான் போனை எடுக்கவில்லை. திட்டுவதானால் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

வீரபாகு

சந்தவாசல்
11.8.2024

வீரபாகு,

ஏழு வாரமாக எழுதவில்லை. எழுதியிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். அன்று குஞ்சோடு எரிந்த கூடுகள் எத்தனை என்று உனக்கே தெரியும்.

நேற்றுக் காலை நீ சூடம் வைத்த இடத்தைத் தேடிப் போனேன். பாறையடியில் கருகிய சருகு. மிதிக்கக் காலைத் தூக்கினேன். சருகு கண்ணைத் திறந்தது!

பக்கிக் குருவி, ராத்திரியில் பறக்குமே, அதுதான். அப்பப்பா, என்ன பிறவி! ஓரடி தள்ளி நின்றும் எது இறகு, எது சாம்பல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கூடு கிடையாது. வெறுங்கரிமேல் இரண்டு முட்டை, அதன்மேல் அது. தூக்கிய காலை எங்கே வைப்பது என்று பயந்து ஒற்றைக்காலில் நின்றேன். "வீரா, பார்றா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன், முதல் பஸ்ஸில் வா. முதலில் வனத்துறை ஆபீஸ். நடந்ததை நீதான் சொல்ல வேண்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன். அவர்கள் விட்டால் அப்படியே மலை ஏறுவோம். உன்னோடு பழையபடி பேச வருமா என்று தெரியவில்லை. அங்கே பேசக்கூடாது, அது அடைகாக்கிறது.

ஜான்