டிரைவர் சீட்டின் உயரம்

பிப்ரவரி 11

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன், நீ எழுதினால்தானே தெரியும். போனில் பேசினால் கொஞ்ச நேரத்திலேயே யாராவது ஒருவர் குரலை உயர்த்திவிடுகிறோம், இனிமேல் எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னது நீ. சொன்னவள் எழுதவில்லை. மளிகைச் சாமான் எழுதக்கூடச் சோம்பல்படுகிற நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு துக்கச் செய்தி. நம் பழைய கார் சிவப்பி புகைச் சோதனையில் மறுபடியும் தோற்றுவிட்டாள். மெக்கானிக் மீசை, ஆபரேஷன் முடித்த டாக்டர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "சார், இனிமே இவளை டவுனுக்குள்ள விடமாட்டாங்க. வேற வண்டி பாத்துக்கங்க" என்றார். நான் பழுது பார்க்கிற லிஃப்டெல்லாம் டவுனுக்குள்தானே இருக்கின்றன? கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த வயதில் பஸ்ஸில் தொங்க முடியுமா?

எல்லோரும் ஹைபிரிட் வாங்கு என்கிறார்கள். பெட்ரோலும் உண்டு, பேட்டரியும் உண்டு, எது எப்போது ஓடும் என்பதை வண்டியே முடிவு பண்ணிக்கொள்ளுமாம். கிளட்ச் கிடையாது. கியர் மாற்ற வேண்டியதில்லை. நினைத்தாலே எனக்கு உப்புச்சப்பில்லாமல் இருக்கிறது. மலைப் பாதையில் வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் ஒரு உறுமல் உறுமுவாளே, அதற்கு ஈடு உண்டா?

ஆனால் ஒன்று, உன் கைக்கு ஓய்வு. என் மணிக்கட்டு உடைந்தபோது ஆரம்பித்தது, கட்டுப் பிரித்த பிறகும் நாம் அதை விடவில்லை. நான் கிளட்சை மிதித்து "ம்" என்பேன். நீ பக்கத்துச் சீட்டிலிருந்தபடியே கியரைத் தள்ளுவாய். உலகத்தில் வேறு எந்தப் புருஷன் பெண்டாட்டியும் இப்படி ஒரு வண்டியை ஓட்டியிருக்க மாட்டார்கள். கூட வேலை செய்கிறவர்கள் உன்னைப் பற்றிக் கேட்டால், "என் கியர் பாக்ஸ் வெளியூர்ல இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

உன் லேபில் திரும்ப இங்கே மாற்றல் எப்போது தருவார்களாம்? அதிகாரியிடம் கேட்டாயா, இல்லையா? நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று சின்னது, வெள்ளை. இன்னொன்று நீளமானது, சாம்பல் நிறம். நீ சொல்வதைத்தான் வாங்குவேன், சத்தியம்.

உன்,
டிரைவர்


பிப்ரவரி 20

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை. காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு ஆட்கள் வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். மதியம் வரை ரத்தம் எடுத்துவிட்டு அறைக்கு வந்தால் விரலை மடக்க முடியவில்லை. அறை பரவாயில்லை. ஜன்னலைத் திறந்தால் பஸ் டெப்போ. பஸ்கள் பின்னால் வருவதையும் திரும்புவதையும் பார்த்துக்கொண்டு காபி குடிப்பேன். நன்றாகப் பொழுது போகிறது.

சிவப்பிக்காக வருத்தப்பட்டேன், பொய் சொல்லவில்லை. அந்த உறுமல் எனக்கும் பிடிக்கும்.

வண்டி விஷயத்தில் என் அபிப்பிராயம் கேட்டதால் சில கேள்விகள். இரண்டில் எதில் டிரைவர் சீட்டை உயர்த்த முடியும்? பின்கண்ணாடி எதில் அகலம்? ஸ்டியரிங்கை முன்னால் இழுத்துக்கொள்ள முடியுமா? குள்ளமான ஆளுக்கு முன்னால் பானெட்டின் நுனி தெரியுமா? பின்னால் எடுக்கும்போது கேமரா உண்டா? இதெல்லாம் விசாரித்து எழுதுங்கள்.

மாற்றல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நேரில் வரும்போது பேசலாம். சட்டைகளை வெளுப்பதற்குப் போடும்போது பையில் கை விட்டுப் பாருங்கள், நீங்கள் எப்போதும் பேனாவை விட்டுவிடுவீர்கள்.

அன்புடன்,
குட்டிம்மா


பிப்ரவரி 27

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அடேயப்பா, என்ன கேள்விகள்! ஷோரூம் பெண்ணிடம் உன் கடிதத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்டேன். "உங்க மிஸஸுக்கு வண்டியில ரொம்ப ஆர்வம் போலிருக்கே சார்" என்றாள். பெருமையாக இருந்தது.

பதில்களைக் கேட்டுக்கொள். டிரைவர் சீட்டை வெள்ளை வண்டியில் உயர்த்தலாம், சாம்பலில் முடியாது. ஆனால் என் உயரத்துக்கு உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை, அதனால் அதைப் பற்றி நீ கவலைப்படாதே. ஸ்டியரிங் விஷயமும் அப்படித்தான், எனக்குக் கை நீளம். பின்கண்ணாடி வெள்ளையில் அகலம், சாம்பலில் பொந்து மாதிரி இருக்கிறது. நான் பக்கக் கண்ணாடியை வைத்தே ஓட்டிவிடுவேன் என்பது உனக்குத் தெரியாதா? கேமரா இரண்டிலும் உண்டு. பானெட்டின் நுனி எனக்கு நன்றாகத் தெரிகிறது.

நீ கேட்க மறந்ததையும் சொல்கிறேன். பக்கத்துச் சீட்டு இரண்டிலும் மெத்தென்று இருக்கிறது. காலை நீட்டிக்கொண்டு நன்றாகத் தூங்கலாம். சனிக்கிழமை வா. இரண்டு பேரும் போய் ஓட்டிப் பார்க்கலாம்.

உன்,
டிரைவர்


மார்ச் 7

என் குட்டிம்மாவுக்கு,

நீ பஸ் ஏறிப் போனதிலிருந்து தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன். சுற்றுச் சாலைத் திருப்பம் வந்ததும் என் இடது கால் தன்னால் போய், இல்லாத கிளட்சை மிதித்ததே! அங்கே இருந்தது பிரேக். வாயும் சும்மா இருக்கவில்லை, "ம்" என்றது. நீயும் பழக்க தோஷத்தில் கையை நீட்டினாய். வண்டி நடுரோட்டில் ஆணி அடித்த மாதிரி நின்று, பின்சீட்டில் இருந்த ஷோரூம் பெண்ணின் நெற்றி என் சீட்டில் இடித்து, "சார், என்ன ஆச்சு சார்?" என்று அவள் அலறி... நம் இரண்டு பேருக்கும் மட்டும்தான் இப்படி ஒரு தப்பு வரும். அந்தப் பெண்ணுக்கு எப்படி விளக்குவது? அசடு வழிய "பழக்கம்மா, பழக்கம்" என்றேன்.

அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருந்தது. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். திரும்பி வரும்போது நீ ஒன்றும் பேசவில்லை. எனக்கும் நெஞ்சு அடைத்துக்கொண்டுதான் இருந்தது.

மாற்றல் பேச்சை எடுக்கவே நேரம் இல்லாமல் போய்விட்டது. சொல், எப்போது வீட்டுக்கு வருகிறாய்?

என்றும் உன்,
டிரைவர்


மார்ச் 16

அன்புள்ள உங்களுக்கு,

எனக்கு எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இல்லை. நெஞ்சும் அடைக்கவில்லை. எனக்குக் கோபம், இன்னும் தணியவில்லை.

அன்றைக்கு ஷோரூமில் அந்தப் பெண் சாவியை யாரிடம் நீட்டினாள், ஞாபகம் இருக்கிறதா? என்னிடம். "மேடம், கேள்வியெல்லாம் நீங்கதானே கேட்டீங்க? முதல்ல நீங்க ஓட்டிப் பாருங்க" என்றாள். நான் கையை நீட்டுவதற்குள் நீங்கள் சாவியை வாங்கிக்கொண்டு, "அவங்களுக்கு ஓட்டத் தெரியாதும்மா. எனக்குப் பக்கத்துல உக்காந்து பழகினவங்க" என்று சிரித்தீர்கள். அப்போது என் கைப்பையில் லைசென்ஸ் இருந்தது. உங்களிடம் காட்டத்தான் எடுத்து வந்திருந்தேன்.

ஆமாம், லைசென்ஸ் எடுத்துவிட்டேன். இங்கே டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். அவர் வைத்திருப்பதும் ஹைபிரிட்தான். முதல் நாள் வண்டியைத் தோட்டத்துச் சுவரில் உரசிவிட்டேன். "பரவால்ல, பெயின்ட் அடிச்சுக்கலாம். நீங்க திரும்ப எடுங்க" என்றார். கத்தவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நமக்குக் கல்யாணமான புதிதில், காலி மைதானத்தில், அரை மணி நேரம் சிவப்பியை என்னிடம் கொடுத்தீர்கள். "கிளட்ச் தேயுது, கிளட்ச் தேயுது" என்று கத்திவிட்டு இறங்கச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை, நீங்களும் தரவில்லை.

பிறகு உங்கள் மணிக்கட்டு உடைந்தது. இரண்டு மாதம் என்று நினைத்துத்தான் கியரில் கை வைத்தேன். கட்டுப் பிரித்த பிறகும் உங்களுக்கு அது பிடித்துப்போனது. எனக்கும் ஆரம்பத்தில் பிடித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் சத்தத்தை வைத்து எப்போது மாற்ற வேண்டும் என்று உங்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். நீங்கள் "ம்" என்பதற்காகக் காத்துக்கொண்டிருப்பேன். அந்தக் காத்திருப்புதான் என்னைத் தின்றது. சாப்பாட்டு மேஜையிலும் "ம்" என்றால் தண்ணீர், வாசலில் "ம்" என்றால் செருப்பு. நண்பர்கள் வந்தால் என்னைக் காட்டி கியர் பாக்ஸ் என்பீர்கள். அவர்கள் சிரிப்பார்கள். நான் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவுவேன்.

மாற்றலைப் பற்றியும் கேளுங்கள். யாரும் என்னை மாற்றவில்லை. நானே எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

இருந்தாலும், அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார்ந்தபோது வீட்டு ஞாபகம் வந்தது. இவ்வளவு வருஷத்தைத் தூக்கி எறிய எனக்கும் மனசு வரவில்லை. அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெள்ளை வண்டியை வாங்குங்கள். வாங்கிய பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவாருங்கள். என்னைப் பார்த்ததும் நீங்கள் இறங்கிப் பக்கத்துச் சீட்டில் உட்காருங்கள். நான் வீடு வரைக்கும் ஓட்டுகிறேன், நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான். திங்கட்கிழமையே திரும்ப மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

குட்டிம்மா


மார்ச் 29

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. எட்டாவது மாடியில் ஒரு லிஃப்ட் கதவு திறந்தபடி நிற்கிறது என்று போன் மேல் போன், எடுக்கவில்லை. மனசில் இவ்வளவு வைத்துக்கொண்டா என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நான் என்ன ஜோசியக்காரனா? உன் கையை என் கை என்று நினைத்தேன். அது குற்றமா? சரி, போகட்டும். லைசென்ஸ் எடுத்தது சந்தோஷம். என்னிடம் மறைத்ததுதான் வலிக்கிறது.

வண்டி வாங்கிவிட்டேன். கோபப்படாமல் கேள். வெள்ளையைத்தான் வாங்கப் போனேன், சத்தியமாக. கடைசியாக ஒரு தடவை சாம்பலை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். அதில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் ஸ்பீக்கரில் பழைய இன்ஜின் உறுமுகிற சத்தம் வருகிறது! அசல் சிவப்பி. ஸ்டியரிங்குக்குப் பின்னால் சும்மா பேருக்குக் கியர் மாற்ற, துடுப்பு மாதிரி இரண்டு பட்டை வேறு. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஓட்டுகிற சுகம் என்று ஒன்று மிச்சம் இருக்க வேண்டாமா? வாழ்க்கையில் எனக்கு வேறு என்ன இருக்கிறது, சொல். சீட் கொஞ்சம் தாழ்வுதான், உனக்கு ஒரு தலையணை வாங்கி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். ஆனால் யோசித்துப் பார், அங்கே ஆட்டோவும் பஸ்ஸும் ஒரே நெரிசல். புது வண்டி, ஒரு கீறல்கூட விழவில்லை. அன்றைக்கு மட்டும் நானே ஓட்டிவிடுகிறேன். பிறகு ஒரு நாள் ஆளில்லாத ரோடாகப் பார்த்து உன்னிடம் தருகிறேன், நான் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கிறேன். எனக்கு என்ன, தரக் கூடாதென்றா இருக்கிறது? இரண்டாவது சாவியைக்கூட உனக்கென்று பீரோவுக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறேன்.

கோபத்தை விட்டுவிட்டு வா. மீன் தொட்டியைக் கழுவி வைத்திருக்கிறேன், பார்த்தால் அசந்துபோவாய்.

உன்,
டிரைவர்


ஏப்ரல் 2

உங்களுக்கு,

புது வண்டிக்கு வாழ்த்துகள். உங்கள் மனசுக்குப் பிடித்தது கிடைத்துவிட்டது. நான் நிஜமாகவே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், நான் பஸ்ஸில் வரவில்லை. இங்கே ஒரு வேன் வாடகைக்குப் பேசியிருக்கிறேன். என் துணிகள், தையல் மெஷின், அக்கா கொடுத்த மர அலமாரி, என் புத்தகங்கள், இவ்வளவுதான் எடுக்க வேண்டும். தூக்குவதற்கு லேபிலிருந்து இரண்டு பேர் கூட வருகிறார்கள். மீன் தொட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரை மட்டும் ஒரேயடியாக மாற்றாதீர்கள், மீன்கள் செத்துவிடும். நான் இனி அங்கே இல்லை என்பதை வீட்டு ஓனரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொல்லுங்கள், நான் மறுத்துப் பேச மாட்டேன்.

உங்கள் மேல் எனக்கு இப்போது கோபம்கூட இல்லை. உங்கள் கடிதத்தை வாசித்து முடித்ததும் அது போய்விட்டது. கோபம் இருந்தவரைக்கும் வீட்டுக்கு வருவேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

வாசலில் உங்கள் வண்டியைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்துங்கள், வேனைப் பின்பக்கமாக எடுத்துக் கதவுவரை கொண்டுவர வேண்டும். நான்தான் ஓட்டி வருகிறேன். பின்னால் நின்றுகொண்டு கை காட்டாதீர்கள். எனக்கு எடுக்கத் தெரியும்.

இப்படிக்கு,
நான்