தீப மையும் மல்லாட்டைக் கரியும்

அண்ணாமலையே வந்து பெண் கேட்டாலும் யோசித்துச் சொல்கிறேன் என்று நான் கர்வத்தோடு வளர்த்த அக்கா மகளே, மலரு,

மூவுலகையும் வாயாலேயே அளந்த உன் மாமன் எழுதுகிறேன். வேங்கிக்கால் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் மலை அப்படியே இருக்கிறது. ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகும் அது எப்படி அசையாமல் நிற்கிறது?

உரக்கடையில் இப்போது நானோ உரம் பாட்டிலில் விற்கிறார்கள். மூட்டை உரத்தின் வேலையை அந்தப் பாட்டில் செய்யுமாம். கடைக்காரன் என்னை மிஞ்சிய புளுகன் என்று நினைத்தேன். நீ இருந்தால், "அளந்து பார்த்துட்டுப் பேசுங்க மாமா" என்றிருப்பாய்.

கீழ்பென்னாத்தூர் மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, உடைத்தால் பருப்பு எனக்கு, தோல் உனக்கு. அந்தத் தோலைக் கரியாக்கி, கண்ணுக்கே தெரியாத நானோ துகளாக்கி, கிணற்றுத் தண்ணீரில் கலந்த பூச்சிமருந்தை வடிகட்டப் பார்த்தாய். என் மருமகள் சமுத்திரத்தையே வடிகட்டப் போகிறாள் என்று திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லி வைத்தேன்.

"கொஞ்சம் கம்மி பண்ணுங்க மாமா. ஒரு குடம் சுத்தமானா போதும்."

பெரிய மைக்ராஸ்கோப்பில் அந்தக் கரியைப் பார்த்துவிட்டு வந்த அன்று, பூஜை மாடத்தில் இருந்த தீப மையையும் கேட்டாய். மலைத் தீபக் கொப்பரைக் கரியில் செய்த பிரசாதம் அது.

"இதுவும் கரிதாம்மா. எவ்ளோ பொடிசுன்னு பார்க்கணும்."

"சாமி மையை மிஷின்ல வெப்பியா? போடி," என்றாள் அக்கா.

நிதி கேட்டு நீ அனுப்பி, திரும்பத் திரும்ப வந்ததே உன் திட்டம், அது போன வாரம் பாஸாகிவிட்டது. உன் பெயருக்கு. இப்போது வந்து என்ன செய்ய, மலரு?

உன்கூட வேலை பார்த்த ஃபர்ஹானா வந்திருந்தாள். பொறுப்பில் வேறு பெயர் போடாவிட்டால் நிதி திரும்பிப் போய்விடுமாம். அக்கா கொடுத்த காபியைத் தொடவே இல்லை.

"அவ பேரை எடுத்துட்டு என் பேரை எழுதக் கை வரலம்மா. நீங்க வேணாம்னா விட்டுடறேன்."

ஏதாவது வேடிக்கை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா எழுந்து பூஜை மாடத்துக்குப் போனாள். தீப மைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து ஃபர்ஹானாவின் கையில் வைத்தாள்.

"உன் பேரையே எழுதிக்கோ கண்ணு. இதையும் அந்த மிஷின்ல வெச்சுப் பாரு. அவ கேட்டா. நான்தான் குடுக்கல."

மை எவ்வளவு பொடிசு என்று தெரிந்ததும் உனக்குத்தான் முதலில் சொல்வேன். ஃபர்ஹானாவின் வடிகட்டியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் வந்தால், ஒரு குடம் என்றே ஊரில் சொல்வேன். ஒரு சொட்டுகூடக் கூட்ட மாட்டேன்.

உனக்காகத் தோல் மூட்டை சுமந்த,
உன் தாய்மாமன்