துரையின் ஜீப்பும் நான் சொன்ன காரணமும்

உக்குவளை
21.09.2008

அன்புள்ள ரபாயேலுக்கு ஜுனைதீன் எழுதுவது.

கடிதமென்றால் நலம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆறு மாதமாகப் பூட்டிய அறையில் இருக்கும் உன்னிடம் நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டு விசயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டொறீனும் பிள்ளைகளும் சுகம். அவர்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவைத் தோட்டம் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை. சின்னவளுக்குப் போன மாதம் அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளம் போட்டது, இப்போது தலைக்கு ஊற்றி எழும்பி விளையாடுகிறாள்.

டொறீன் உன்னைப் பார்த்துவிட்டு வந்து ஒன்று சொன்னாள். தோட்டத்துத் துரையிடம் உன்னைப் பற்றி இல்லாததைச் சொன்னது யாரென்று ஜுனைதீனை விசாரிக்கச் சொல், அவனுக்குத்தான் ஊரெல்லாம் ஆள் தெரியும் என்றாயாம். அதற்குப் பதில் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் பொறு, முதலில் ஜீப்பைப் பற்றிக் கேள்.

துரையின் ஜீப் ஓட்ட உன் இடத்துக்கு வின்சன்ட் என்று ஒரு பையன் வந்திருக்கிறான். சரியான பயந்தாங்கொள்ளி. பங்களா, ஸ்டோர், பேங்க், இதைத் தவிர வேறு பக்கம் ஜீப்பைத் திருப்பமாட்டான். நீ போனதும் துரை நாலு டயரும் புதிதாகப் போட்டார். இனி ஓடிய தூரத்தில் யாரும் ஏமாற்ற முடியாது என்று, அறுந்து கிடந்த மீட்டர் கேபிளையும் மாற்றினார். போன திங்கட்கிழமை வின்சன்ட் ஜீப்பை என் கராஜுக்குக் கொண்டுவந்து அழாத குறையாக நின்றான். முன் டயர் இரண்டிலும் ஓரமெல்லாம் தேய்ந்து உள்நூல் தெரிந்தது. மீட்டரில் ஒன்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஏறவில்லை. சத்தியமா நான் எங்கேயும் போகலங்க, என்னையும் புடிச்சிட்டுப் போயிருவாங்களா என்று கேட்டான்.

காற்றுப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஸ்டியரிங் கம்பியும் வளையவில்லை. பிறகு நாலு சில்லு இழுவைக்கு மாற்றுகிற லீவரை, பின் சில்லு இரண்டு மட்டும் இழுக்கிற நிலையில் வைத்து, முன் சில்லு ஒன்றை ஜெக்கில் தூக்கிக் கையால் சுற்றினேன். லேசாகச் சுழல வேண்டும் அது. அசையவே இல்லை. கழற்றிப் பார்த்தால், உள்ளே லீவரோடு சேரும் ஆணி அறுந்து கிடக்கிறது. லீவர் மட்டும் சும்மா முன்னும் பின்னும் ஆடுகிறது, நாலு சில்லும் எந்நேரமும் ஒன்றாகப் பூட்டியபடி. சேற்றுக்கு அது நல்லது. காய்ந்த தார் ரோட்டில் வளைவு எடுக்கும்போது முன் சில்லு ஓடும் தூரம் வேறு, பின் சில்லு ஓடும் தூரம் வேறு. பூட்டிக்கிடந்தால் ஒன்றையொன்று இழுத்து டயர் ரோட்டில் உரசிக்கொண்டே போகும். நம் ரோட்டில் வளைவுக்கா பஞ்சம்?

போன டிசம்பரில், நத்தார் சமயத்திலேயே நீ என்னிடம் சொன்னாய். வளைவுல ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு மச்சான், என்னமோ புடிச்சி இழுக்குது என்றாய். வயசு போனது வண்டிக்கில்ல, உனக்கு என்று நான் கேலி பண்ணினேன். நீயும் சிரித்தாய்.

பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, நீ லீவில் இருந்த நாள், துரையே ஜீப்பை ஓட்டிக்கொண்டு கராஜுக்கு வந்தார். டயர் ஏன் இப்படிச் சீக்கிரம் போனது என்று கேட்டார். ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொல்லியாயிற்று. ஜெக் போட்டுப் பார்க்க ஐந்து நிமிசம் போதும். ஆனால் கலேவெலையிலிருந்துகூட ஆட்கள் என் கையால் டயரைத் தடவிப் பார்க்க வருகிறார்கள் என்ற மண்டைக்கனம் எனக்கு. குனிந்து ஒரு தடவு தடவினேன். இது பாரம் ஏற்றித் தூரம் ஓடின தேய்வு சேர், தம்புள்ளைப் பக்கம் மரக்கறி ஏற்றியிருக்கலாம் என்று சிங்களத்தில் சொன்னேன். சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன்.

நீ தேடச் சொன்ன ஆள் நான்தான், ரபாயேல்.

பாரம் ஏற்றியிருந்தால் பின் டயர் அல்லவா முதலில் போகும்! தேய்ந்திருந்தது முன் டயர். கண் முன்னாலேயே இருந்தது, மடையன் நான் பார்க்கவில்லை. துரை உன்னைக் கூப்பிட்டு ஏசுவார், அதோடு முடியும் என்று நினைத்தேன். அவர் பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டார். தமிழ் டிரைவர், எங்கே போனான் என்று தெரியாது, என்ன ஏற்றினான் என்று தெரியாது. பிடித்துக்கொண்டு போக இந்த யுத்த காலத்தில் அதற்கு மேல் என்ன வேண்டும்? நான் மரக்கறி என்று சொன்னதை ஒருவரும் ஞாபகம் வைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ களவாக வாடகைக்கு ஹயர் ஓடியிருப்பாய், அதை என்னிடமும் மறைத்துவிட்டாய் என்று உன்மேல் கோபப்பட்டேன். அந்தக் கோபத்தோடுதான் உன் வீட்டுக்கு அரிசியும் மாவும் அனுப்பினேன். அந்தோனியார் கோயில்ல உங்க பேருக்கு மெழுகுதிரி கொளுத்துறேன் ஜுனைதீன் நானா, நீங்க இல்லாட்டி நாங்க என்ன ஆவோம் என்றாள் டொறீன். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். வெட்கம் கெட்டவன்.

அறுந்த ஆணியை வீட்டில் றஹீமாவிடம் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். இத எனக்கிட்ட சொல்லி என்ன வேல, நோன்பப் புடிச்சிக்கொண்டு இன்னும் எத்தன நாளைக்கு வாயப் பொத்திக்கொண்டு இருக்கப் போறீங்க என்றாள். நேற்று பங்களாவுக்குப் போனேன். துரை ஆணியை வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தார். முகம் கறுத்துப் போனது. இனி இது என் கையில் இல்லை, கிளறினால் நீயும் மாட்டிக்கொள்வாய், ஜீப்பைச் செய்து கொடு, போதும் என்றார். நான் ஆணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதையும் அந்த முன் டயர் இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் டொறீனிடம் போகிறேன். அவள் என்ன சொன்னாலும் நின்று கேட்பேன். பிறகு அவளோடு மாத்தளைக்குப் போய் லோயரைப் பார்க்கிறேன்.

என்னை மன்னி என்று கேட்கமாட்டேன். அங்கே இருந்துகொண்டு அதையும் நீயே தர வேண்டுமா? அல்லாஹ் உன்னை உன் பிள்ளைகளிடம் சேர்த்து வைக்கட்டும். அது ஒன்றுதான் நான் கேட்பது.

உனக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருகிறார்களாம். படிக்கட்டும். இதையே சிங்களத்திலும் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். படிக்கிற ஐயா, இந்த மனிதர் எங்கும் போகவில்லை, ஒன்றும் ஏற்றவில்லை. பிழையாகச் சொன்னவன் நான். ஓர் ஆளைப் பிடித்து வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் அவரை அனுப்பிவிட்டு என்னை எடுங்கள்.

நண்பன் என்று கையெழுத்துப் போட எனக்கு இனி உரிமை இல்லை, ரபாயேல். அவர்களுக்கு வேண்டிய மாதிரியே முழுப் பெயரும் விலாசமும் போடுகிறேன்.

ஸெய்னுலாப்தீன் மகன் முஹம்மது ஜுனைதீன்
டயர் கராஜ், ஸ்டேஷன் வீதி, உக்குவளை.
நாளை மறுநாளிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு மேல் இங்கேதான் இருப்பேன்.