மிதித்துக் கேட்ட நாதசுவரம்

இஞ்சருங்கோ,

மகன் நேற்று ஒரு புதுப் பாட்டுப்பெட்டி வாங்கிவந்து முன் அறையில் வைத்தான். பிரித்ததும் புது ஸ்பீக்கரின் மணம் வீடெங்கும் பரவியது. அச்சுவேலி வீட்டில் உங்களுடைய இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இதே மணம்தான். நேற்றிலிருந்து மனம் ஒரு வேலையிலும் நிற்கவில்லை.

கலியாணமான புதிதில் அவை எனக்குச் சக்களத்திகள். கூட்டும்போது ஒன்றை நாலு விரல் தள்ளிவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவீர்கள். "தவில் ஒரு பக்கம், நாதசுவரம் மற்றப் பக்கம் கேக்கவேணும். இல்லாட்டி உது பாட்டில்லை, இரைச்சல்" என்பீர்கள். எனக்கு அப்போது எல்லாம் ஒன்றுதான்.

தொண்ணூறில் சண்டை தொடங்கிக் கரண்ட் போனது. தடையால் கடைகளுக்குப் பற்றரியும் வரவில்லை. ஊரே சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி மிதித்து, டைனமோவில் றேடியோ கேட்டது. நானும் சின்னக் கசெற் பெட்டி ஒன்றைப் பூட்டி மிதித்தேன். பாட்டுத் தள்ளாடத் தொடங்கியதும் நீங்கள் எழும்பி வளவுக்குள் போய்விடுவீர்கள். "கரண்ட் வரட்டும், கேப்பம்." ஸ்பீக்கர்களுக்குப் பழைய வேட்டியைப் போர்த்திவிட்டு நாலு வருசம் இருந்தீர்கள். பாட்டுக் கேளாத மனுசனோடு சீவிப்பது என்ன பாடென்று எனக்குத்தான் தெரியும். சொதிக்கு உப்புக் குறைந்தாலும் சண்டை.

நெஞ்சு வருத்தம் வந்து பாயில் விழுந்த பிறகுதான் ஒரு பின்னேரம் கேட்டீர்கள்.

"அந்த நாதசுவரக் கசெற்றை ஒருக்காப் போடுமன்."

மிதித்தேன்.

"மெல்ல. சுருதி ஏறுது."

குறைத்தேன்.

"இப்ப இறங்கிப் போச்சு. கொஞ்சம் கூட்டும்."

வேர்த்து ஒழுக, பாயில் கிடந்த உங்கள் விரல் ஏறி இறங்குவதைப் பார்த்தபடி மிதித்தேன். ஓரிடத்தில் விரல் அசையாமல் நின்றது. "உதுதான். உப்பிடியே விடாமல் மிதியும்." சுருதி என்றால் என்னவென்று அன்றுதான் எனக்கு விளங்கியது. காதால் அல்ல, காலால்.

கசெற்றின் ஒரு பக்கம் முடிந்ததும், "கேக்கலாம் போலதான் கிடக்கு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். அழுதீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் கண்மூடுமுன் அப்படி எங்களுக்குப் பதினொரு பின்னேரங்கள் கிடைத்தன.

என் முழங்கால் இப்போது தேய்ந்துவிட்டது. ஆனாலும் யார் வாசித்தாலும் சுருதி விலகினால் அதுதான் முதலில் அறிகிறது. அது நீங்கள் தந்தது. கோபமும் இன்னும் ஆறவில்லை. நல்ல சத்தம் வருமென்று நாலு வருசத்தைச் சும்மா போகவிட்டீர்களே. மெல்ல என்றோ கூட்டும் என்றோ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நான் மிதித்திருப்பேன்.