பால் ஒத்துக்கொள்ளாத குட்டி

திங்கட்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து ஒரு பூனைக்குட்டி வந்திருக்கிறது என்று எழுதினேனே, அது நேற்றிலிருந்து வாந்தி எடுக்கிறது. வயிறும் போகிறது. ஐயோ பாவம் என்று மறுபடி மறுபடி பால் ஊற்றுகிறேன், குடித்ததும் கக்கிவிடுகிறது. பிராணி ஆஸ்பத்திரி நர்ஸ் நீ, என்ன செய்யட்டும், சொல். போன் இன்னும் அவரிடம்தான். தைக்கத் துணி கொண்டுவரும் கடைக்காரம்மா கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

உன் வாயாடி

செவ்வாய்க்கிழமை

என் வாயாடிக்கு,

உனக்கு அறிவிருக்கிறதா? அந்தப் பால்தான் அதற்கு ஆகவில்லை. உடனே நிறுத்து. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வை. தங்கினால், உப்பில்லாமல் வேகவைத்த கோழியில் துளி கொடு. பிடரித் தோலை இழுத்து விட்டுப் பார். சட்டென்று படியாவிட்டால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம், குட்டி தாங்காது. யோசிக்காமல் தூக்கிக்கொண்டு இங்கே ஓடி வா. ஒரு பஸ் தூரம்தானே. நீ என் கண்ணில் பட்டும் மாதக்கணக்காயிற்று.

அக்கா

புதன்கிழமை

அக்கா,

தண்ணீரும் தங்கவில்லை. தோல் இழுத்த இடத்திலேயே நிற்கிறது. ஓடி வரச் சொல்கிறாய். அவர் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போகிறார். சாவியைக் கேட்டேன். "பூனைக்கெல்லாம் டாக்டரா? உனக்கு வெளிய போக ஒரு சாக்கு வேணும், அதானே?" என்று சிரித்தார். வெட்கமாக இருந்தது, அதனால்தான் உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. குட்டியைத் துணியில் சுற்றி, கம்பி வழியே கடைக்காரம்மாவிடம் கொடுக்கிறேன். எப்படியாவது காப்பாற்று.

வியாழக்கிழமை

வாயாடி,

குட்டிக்கு டிரிப்ஸ் ஏற்றினோம். வாந்தி நின்றுவிட்டது. இன்று என் விரலைக் கடித்தது, பிழைத்துக்கொள்ளும். கடைக்காரம்மாவிடம் எல்லாம் கேட்டேன். கல்யாணமானதிலிருந்தே பூட்டாமே? அடிப்பாவி, என்னிடமுமா மறைப்பாய்? சனிக்கிழமை அவர் கிளம்பியதும் பூட்டுத் திறக்கிறவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

வெள்ளிக்கிழமை

அக்கா,

குட்டி உன்னோடேயே இருக்கட்டும். இங்கே திருப்பி அனுப்பாதே. கம்பி வழியே கொடுத்தபோது தலையைத் தூக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. எனக்கு அழுகை வரவில்லை. சாகக் கிடக்கிற குட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், அக்கா. அதுவாவது வெளியே போகிறதே என்று.

இப்படி ஆகிவிட்டேன். வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ.