நான்காவது இலை

அன்புள்ள குணபூசணிக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம், வக்கீல் அலுவலக வேலை வழக்கம்போல. நாளைய மாரத்தானுக்கு நம் பிள்ளைகள் ஜெயந்திரனும் மாதவியும் ஊரிலிருந்து இங்கே வந்து சேர்ந்துவிட்டார்கள்.

மதியம் பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் எங்கள் மூவருக்கு நான்கு இலை போட்டார்கள்.

"மூணு பேர்தான் தம்பி," என்றேன்.

"இன்னொரு அண்ணே கை கழுவப் போனாரே அங்கிள். கால்ல சிவப்பு சப்பாத்து போட்டிருந்தாரு லா."

மாதவி சிரித்தாள். ஜெயந்திரன் சிரிக்கவில்லை. போன வருஷ ஓட்டத்தில் விழுந்து இறந்த நம் பெரியவனின் ஓட்டச் சப்பாத்தும் சிவப்புதானே. விரித்த இலையை வெறுமையாக எடுக்கக் கூடாதென்று அதிலும் சோறு வைக்கச் சொன்னேன். சரியா தவறா, தெரியவில்லை. நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவித் திரும்பியபோது அந்த இலை உள்பக்கமாக மடிந்திருந்தது. கடைத் தம்பி மடித்திருக்கலாம்.

"அண்ணன் கூட ஓடினா நல்லதுதானே, அப்பா," என்றான் ஜெயந்திரன். ஓட வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போனில் என் குரல் நடுங்கும்; அதனால் எழுதி மாதவியிடம் கொடுக்கிறேன். நீ படிக்கும்போது ஓட்டம் முடிந்திருக்கும். எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை. நாளை ஓட்டம் முடிந்ததும் ஊர் திரும்ப மாதவி இப்போதே பையை மூடப்போகிறாள், முடிக்கிறேன். அலமாரியில் பெரியவனின் சப்பாத்தின் மேல் தூசி அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்.

உன்,
கனகசபை